மாற்றும் ஏமாற்றும்: கல்முனைக் கரையின் கொடுக்கல் வாங்கற் சொற்கள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

ஆங்கிலத்தில் 'எக்ஸ்சேஞ்ச்' என்னும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுவனவற்றைத் தமிழிற் கூறப் புகும்போது நாம் பல சொற்களை நாட வேண்டியுள்ளது. மீனுக்கு நெல் பெறுவது பண்டமாற்று. கம்பனிப் பங்குகள் விலைப்படும் இடம் பரிவர்த்தனை நிலையம். கருத்துகள் ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சேர்வது பரிமாற்றம். டொலரும் றியாலும் செலாவணி. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இதனை ஒரு குறைபாடாகக் கருதி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சொல்லைத் தேடியதுண்டு. ஆனால் ஒரு மொழி தன் கொடுக்கல் வாங்கல்களை எவ்வாறு பகுத்துப் பெயரிட்டுள்ளது என்பது அம்மொழி பேசுவோரின் பொருளியல் வாழ்வு எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாகும். ஆகவே இதனைச் சொற்பஞ்சமாக அன்றி, வரலாற்றுச் சான்றாகவே கொள்ளல் வேண்டும்.

இக்கட்டுரை 'மாறு', 'மாற்று' என்னும் சொற்களையும் அவற்றைச் சூழ்ந்த வழக்குகளையும், அம்பாறைக் கரையோரத்துத் தமிழ் பேசும் ஊர்களின், சிறப்பாக முஸ்லிம் ஊர்களின், பொருளியல் வாழ்வோடு இணைத்து நோக்க முற்படுகின்றது. வடக்கே பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் இக்கரை, ஒருபுறம் கடலையும் மறுபுறம் நெல்வயலையும் கொண்டது. முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறி மாறி அமைந்த இந்நிலத்தில் நாள்தோறும் கொள்ளாமலும் கொடாமலும் வாழ்தல் இயலாதிருந்தது. இவ்வாழ்வைப் பிற்காலத்தில் நினைவுகூருவோர் பலர், 'அக்காலத்தில் மீனைக் கொடுத்து நெல்லை வாங்கினோம். எவரும் எவரையும் ஏமாற்றவில்லை' என்று கூறுவர். இக்கூற்று எத்துணை உண்மை என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

2

மாற்று என்னும் சொல்லின் பொருட்பரப்பு வியப்பூட்டுவது. பொன்னின் தரம் மாற்று. சோழர் காலக் கல்வெட்டுகளிலே பொன்னின் தூய்மை இவ்வலகினாற் சுட்டப்படுகின்றது. வண்ணார் கொணர்ந்து கொடுக்கும் வெளுத்த துணி மாற்று. நஞ்சை முறிக்கும் மருந்து மாற்று. இரு குடும்பங்கள் ஒன்றன் மகளை மற்றொன்றன் மகனுக்கு ஒரே காலத்திற் கொடுத்துக் கொள்வது மாற்றுக் கலியாணம். எழுத்தில்லாமல், வட்டியில்லாமல், சில நாட்களுக்கென வாங்கும் சிறுகடன் கைமாற்று. செய்த நன்றிக்கு எதிராகச் செய்வது கைம்மாறு. காணி உடைமை ஒருவரை விட்டு மற்றொருவரைச் சேர்வது கைமாறுதல். பகைவன் மாற்றான். சக்களத்தி மாற்றாள். மறுமொழி மாற்றம்.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இரு கருத்துகள் புலனாகும். ஒன்று, எதிரெதிரே இரு தரப்பு உண்டு என்பது. மற்றது, அவ்விரண்டும் ஏதோ ஓர் அளவினால் ஒன்றற்கொன்று ஈடாகும் என்பது. எதிர்மையும் ஈடும் சேர்ந்ததே மாற்று. அண்டிய உறவினரிடையே பொருள் பகிரப்படுமேயன்றி மாற்றப்படுவதில்லை. பண்டங்களின் பரிவர்த்தனை, சமுதாயங்கள் முடிவுறும் எல்லையிலே, அவை பிற சமுதாயங்களைத் தொடும் இடத்திலே தொடங்கிற்று என்று கார்ல் மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதற்பாகத்திற் கூறியுள்ளமை இங்கு நினைவுகூரத்தக்கது. மாற்றானும் மாற்றும் ஒரே வேரிற் கிளைத்தமை இதற்கு இசைவாகவே உள்ளது.

ஆனால் இச்சொற்குடும்பத்தில் ஏமாற்று என்பதும் நின்று கொண்டிருக்கின்றது. இலக்கணகாரர் அதனை எவ்வாறு பிரிப்பினும், பேசுவோர் செவியில் அதனுள்ளே மாற்று ஒலிக்கவே செய்கின்றது. இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பண்டமாற்றைக் குறிக்கும் 'பார்ட்டர்' என்னும் ஆங்கிலச் சொல், வஞ்சித்தல் என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பர் மொழியியலாளர். ஜெர்மன் மொழியில் மாற்றிக் கொள்ளுதல் 'டவுஷன்', ஏமாற்றுதல் 'டொய்ஷன்'. இரண்டும் ஓரினச் சொற்களே. முன்னதன் பழம்பொருளும் பொய்யுரைத்தலே. வேறுவேறு நிலங்களில் வாழ்ந்த உழைப்பாளர், ஈடு என்று சொல்லப்பட்டதனுள்ளே ஈடின்மை ஒளிந்திருப்பதைத் தத்தம் பட்டறிவினால் உணர்ந்தே இருந்தனர். அந்த ஈடின்மை எவ்வழியாக நுழைந்தது என்பதே வரலாற்று மாணவன் விடை காண வேண்டியது.

3

சங்கச் செய்யுள்களிலே இவ்வினையின் பழைய வடிவத்தைத் தெளிவாகக் காண்கிறோம். குறுந்தொகையின் 269ஆம் செய்யுளில் சுறா தாக்கிய புண் ஆறிய தந்தை மீண்டும் கடலுக்குச் செல்கிறான். தாய் உப்பைக் கொடுத்து நெல் கொணரச் செல்கிறாள். 'மாறு' என்னும் வினை அங்கு நேரே பண்டமாற்றுப் பொருளில் வழங்குகின்றது. அகநானூற்றின் 140ஆம் செய்யுளில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள், நெல்லுக்கு உப்பைச் சம அளவாகக் கூவி விற்கிறாள். பொருநராற்றுப்படை தேனும் கிழங்கும் கொடுத்தோர் மீனெய்யும் நறவும் பெற்றதைக் கூறும். புறநானூற்றின் 33ஆம் செய்யுளில் வேட்டுவன் மான்தசையும் ஆய்மகள் தயிரும் கொணர, உழவர் வீட்டுப் பெண்கள் நெல்லை முகந்து கொடுக்கின்றனர். திணைகளுக்கிடையிலான இவ்வுறவைச் சமச்சீரற்ற வளர்ச்சியின் அடிப்படையிற் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியான தமது ஆய்விலே விளக்கியுள்ளார்.

இம்மாற்றுகளிற் பெரும்பாலானவற்றிற் பொதுவாயமைந்த ஒரு பண்பினைக் கவனித்தல் வேண்டும். கொடுப்பதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. கூடையிலிருந்து உப்பு இறங்குகின்றது. அதே கூடையில் நெல் ஏறுகின்றது. தவணை இல்லை. எனினும் தவணையை அக்காலம் அறியாதிருக்கவில்லை. அதற்கு வேறொரு சொல் இருந்தது: குறியெதிர்ப்பை. அளந்து வாங்கி, அதே அளவிற் பின்னர் திருப்பிக் கொடுப்பது. புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார் தமக்கு அவ்வாறு உதவியோரை நினைந்து தம் பரிசிற்பொருளை அவர்களுக்கும் வழங்குமாறு மனைவியிடம் கூறுகின்றார். வறியோர்க்கு ஈவதொழிந்த ஏனைய கொடைகளை எல்லாம் குறியெதிர்ப்பையோடு ஒப்பிடுகின்றார் வள்ளுவர். இன்றைய கைமாற்று அதன் வழித்தோன்றலே. காலம் கடப்பினும் அளவு கூடாதது அது. முஸ்லிம்கள் 'அழகிய கடன்' என்று போற்றும் கர்ழ் ஹஸனும் இவ்வகையினதே.

ஆகவே பழைய வழக்கில் இரு நேர்மைகள் இருந்தன: கையோடு கை மாறுதல், காலம் தாழ்த்தினால் அளவு மாறாமை. இவ்விரண்டும் எங்கே முறிந்தனவோ அங்கேதான் மாற்று ஏமாற்றாகத் தொடங்கிற்று.

4

இனிக் கல்முனைக் கரைக்கு வருவோம். இக்கரையின் வாழ்வை இரு பருவங்கள் ஆள்கின்றன. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஐப்பசி முதல் மார்கழி, தை வரையான மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். தோணி இறக்குதல் அரிது. கரைவலை இழுத்தலும் தடைப்படும். அதே மாதங்களிலேதான் பெரும்போக நெல் வயலிற் பச்சையாக நிற்கும். அறுவடை மாசி, பங்குனியில். எனவே ஆண்டின் இறுதி மாதங்களில் மீனவன் கையில் மீனுமில்லை. உழவன் கையில் நெல்லுமில்லை. இருவருக்கும் ஒரே காலத்திற் பஞ்சம். மாற்றுதற்கு ஏதுமில்லாத இந்த இடைவெளியே இக்கரையின் சமூக வரலாற்றைப் புரிந்துகொள்ளும் திறவுகோல் எனலாம்.

மேலும், மாற்றிற்கு வரும் பண்டங்கள் இயல்பிலேயே ஒத்தவையல்ல. பச்சை மீன் அன்று மாலைக்குள் விலைப்பட வேண்டும். நெல்லோ ஆண்டுக்கணக்கில் இருக்கும். மீனுடையவன் காத்திருக்க இயலாதவன். நெல்லுடையவன் காத்திருக்கக் கூடியவன். இவர்கள் எதிரெதிர் நின்று பேரம் பேசும்போது ஈடு என்பது முன்கூட்டியே சாய்ந்து விடுகின்றது. கருவாடு இச்சாய்வைத் திருத்த மீனவர் கண்ட வழியாகும். உப்பும் வெயிலும் சேர்ந்து மீனுக்கு ஆயுளை நீட்டுகின்றன. மீனவனுக்குக் காத்திருக்கும் வலுவைத் தருகின்றன. அறுவடைக் காலத்திலே கருவாட்டையும் பிற பண்டங்களையும் களத்துக்கே சுமந்து சென்று, அங்கே நெல்லாக மாற்றி வரும் வழக்கம் இவ்வாறே வலுப்பெற்றது. நெல்லை நெல் என்னாது பொலி என்று மங்கலமாகக் கூறும் அக்களத்திலே, கருவாடு கொணர்ந்தவரும், ஊழியக்குடிகளும், இரப்போரும் ஒரே குவியலின் முன் நின்றனர். நின்ற நிலைகள் மட்டும் வேறு.

இதே உப்பும் கருவாடும் மேற்கே கண்டி நாட்டுக்கும் சென்றன. பொதிமாட்டு வரிசைகளாகிய தவளங்களை நடத்திய முஸ்லிம் வணிகர் உப்பு, கருவாடு, துணி ஆகியவற்றைக் கொண்டு சென்று பாக்கு முதலியவற்றை ஏற்றி வந்தனர். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களிற் பெருந்தொகையினரைக் கிழக்குக் கரையிற் குடியமர்த்தியமைக்கு மனிதாபிமானத்தோடு இவ்வணிகத் தேவையும் காரணமாயிருந்தது என்று கொள்வதிற் தவறில்லை. கடலால் சூழப்படாத ஓர் அரசுக்கு உப்பைக் கொணர்வோர் இன்றியமையாதவராவர்.

5

பஞ்ச மாதங்களுக்கு மீள்வோம். வயலுடைய போடியாருக்கும், அவர் வயலைப் பொறுப்பேற்றுச் செய்யும் முல்லைக்காரனுக்கும், அவன் கீழ் உழைக்கும் வயற்காரருக்கும் உள்ள உறவு வெறும் கூலியுறவன்று. விதைநெல்லும் உணவுநெல்லும் போடியார் களஞ்சியத்திலிருந்து முற்கடனாக வரும். சூடடித்துத் தூற்றிய பின், குவியலிலேயே அது கழிக்கப்படும். மரைக்காலால் அளந்து கொடுத்தது மரைக்காலால் அளந்தே திரும்புகின்றது. ஆயினும் குறியெதிர்ப்பையைப் போல அதே அளவு திரும்புவதில்லை, வளர்ந்து திரும்புகின்றது. இவ்வழக்கின் பழைமைக்குக் கண்டி நாட்டிலே ஒரு சான்றுண்டு. 1660 முதல் 1679 வரை அங்கே சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ், தாம் நெல்லைக் கடன் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது இலாபம் பெற்றதை 1681இல் வெளிவந்த தமது நூலிலே எழுதியுள்ளார். காசு அருகிய சமுதாயத்தில் வட்டி இருக்காது என்பது எத்துணைப் பொய் என்பதற்கு இது போதும். நெல்லே மூலதனமாக இயங்கிற்று.

முஸ்லிம் ஊர்களைப் பொறுத்தவரை இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. வணிகம் ஆகுமானது, ரிபா எனும் வட்டி விலக்கப்பட்டது என்பது இஸ்லாத்தின் அடிப்படை விதி. பொன், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு என்னும் ஆறு பண்டங்களும் தம்மினத்தோடு மாற்றப்படின் சம அளவாகவும் கையோடு கையாகவும் மாற்றப்படல் வேண்டும் என நபிமொழி வகுத்தது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி சட்ட மரபு, இவ்விதியை உணவுப் பண்டங்கள் அனைத்துக்கும் விரித்தது. இதன்படி இனம் வேறாயின் அளவு வேறுபடலாம். ஆனால் தவணை ஆகாது. இன்று கருவாட்டைக் கொடுத்து அறுவடையில் நெல்லைப் பெறுவது இவ்விதிக்கு முரணானது.

இவ்விதிகளை வெறும் சமயக் கட்டுப்பாடாகக் கொள்வது பிழை. பாலைவனச் சந்தைகளின் பட்டறிவிலிருந்து, மாற்றினுள் ஏமாற்று நுழையும் வாயில் காலமே என்பதை அச்சட்ட மரபு துல்லியமாகக் கண்டு கொண்டது. தாழ்ந்த பேரீச்சம்பழம் இரு மடங்கு கொடுத்து உயர்ந்தது ஒரு மடங்கு வாங்கிய பிலாலிடம், முன்னதைக் காசுக்கு விற்று அக்காசால் மற்றதை வாங்குமாறு நபிகள் நாயகம் அறிவுறுத்திய செய்தியும் அவ்வாறே. விலை வெளிப்படையாகும்போது வஞ்சம் மறைந்திருக்க இயலாது என்பது அதன் உட்பொருள்.

ஆனால் ஒரு சட்டம் தன்னை ஈன்ற சமூகச் சூழலை விட்டு வேறு உற்பத்தி உறவுகளுள் நுழையும்போது, அதே விதி எதிர்ப்பயனையும் தரலாம். கொடுத்த கருவாட்டை ரூபாயாக எழுதினால் உணவுக்கு உணவு என்னும் தடை அகன்று விடும். தவணைக்கு விற்பதாயின் விலையைச் சற்று உயர்த்தலாம். அது வட்டியன்று, விலை. விளைச்சலுக்கு முன்னரே அளவும் காலமும் குறித்துப் பணம் கொடுத்து வாங்கும் ஸலம் என்னும் உடன்பாடும் ஆகுமானது. முற்பணமின்றி விதைக்க முடியாத உழவனுக்கு உதவுதலே அதன் நோக்கம். எனினும் பஞ்ச மாதத்தில் முற்பணம் தேடி வரும் உழவன் விலை பேசும் நிலையில் இருப்பதில்லை. அவனது தேவையே விலையை முடிவு செய்கின்றது. சொற்கள் தூயனவாய் இருக்க, உபரி வேறு வழியாற் கைமாறுகின்றது. இதற்குச் சமயத்தைக் குறை கூறுதல் பொருந்தாது. தமிழூர்ப் போடியாரும் வட்டிக்காரரும் இதே வேலையை வேறு சொற்களாற் செய்தனர். கருத்துநிலை, உற்பத்தி உறவின் மேல் எவ்வாறு படிகின்றது என்பதையே இது காட்டுகின்றது.

6

பிரித்தானிய ஆட்சி இம்மாற்றுகளைக் காசுக்குள் இழுத்தது. அதன் மூன்று செயல்கள் குறிப்பிடத்தக்கவை. உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. கரையில் இயல்பாக விளையும் உப்பை அள்ளுவதே குற்றமாயிற்று. மேலே கூறியவாறு உப்பு என்பது மீனவனுக்குக் காத்திருக்கும் வலு. எனவே உப்பின் மீது விதிக்கப்பட்ட விலை உண்மையில் அவனது காலத்தின் மீது விதிக்கப்பட்ட வரியே. இரண்டாவது, தானிய வரி. விளைவில் ஒரு பகுதியாக இருந்த அரசிறை காசாக மாற்றப்பட்டது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் இதனை மேலும் இறுக்கிற்று. அறுவடை முடிந்தவுடன், நெல் மலிந்த வேளையிலேயே உழவன் அதனை விற்றுக் காசு தேட வேண்டியவனானான். 1892இல் இவ்வரி ஒழிக்கப்படும் வரை நாட்டின் பல பகுதிகளிலும் விவசாயிகள் காணி இழந்தனர். மூன்றாவது, 1872இல் வந்த தசம ரூபாய் எல்லாப் பண்டங்களுக்கும் ஒரே அளவுகோலை நாட்டிற்று.

இதே காலப்பகுதியில் நெல்விளைச்சலும் விரிந்தது. 1855 முதல் 1860 வரை ஆள்பதியாயிருந்த ஹென்றி வார்ட், இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தார். உபரி நெல் பண்டமாகச் சந்தைக்கு வந்தது; அதனைக் கொள்வனவு செய்யக் கல்முனை போன்ற கடைத்தெருக்கள் வளர்ந்தன. மீன் கொடுத்து நெல் பெறுதல் உடனே மறையவில்லை. ஆனால் எத்தனை மீனுக்கு எத்தனை சுண்டு நெல் என்பதைக் களம் அன்றிச் சந்தை விலையே முடிவு செய்யலாயிற்று. பண்டமாற்றின் வடிவம் எஞ்சிற்று. அதன் உள்ளடக்கம் போயிற்று. 'அக்காலத்தில் மீனுக்கு நெல் வாங்கினோம்' என்று இன்று நினைவுகூரப்படுவது பெரும்பாலும் இந்தப் பிற்கால வடிவமே.

7

இருபதாம் நூற்றாண்டில் 'மாற்று' இன்னும் அகன்ற அரங்குகளுக்குச் சென்றது. 1952இல் இலங்கை சீனாவுடன் செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம், ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரையும் 270,000 தொன் அரிசியையும் மாற்றிக் கொள்ள வகை செய்தது. ஏகாதிபத்தியச் சந்தை தடுத்த வேளையில், இரு வறிய நாடுகள் சந்தை விலைக்கு வெளியே ஈடு ஒன்றைத் தாமே வகுத்தன. பண்டமாற்று பின்தங்கிய சமூகத்தின் அடையாளம் என்னும் கருத்துக்கு இது தக்க மறுப்பு. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றதற்குச் சில மாதங்கள் முன்னர், 2021 டிசெம்பரில், ஈரானிடம் பட்ட ஏறத்தாழ 25 கோடி டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாற் தீர்க்க உடன்பட்டதும் இவ்வகையினதே. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னது இருவர் தம் தேவையை ஒப்பிட்டுச் செய்த மாற்று. பின்னது கடன்பட்டவன் கையிலுள்ளதைக் கொடுத்துத் தவணை தேடியது. இக்கரையின் முல்லைக்காரன் இவ்வேறுபாட்டை விளக்கமின்றியே உணர்வான்.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், 1977இன் திறந்த பொருளாதாரம் ஆகியவற்றின் பின் கரையின் வாழ்வு வேறாயிற்று. மலிவான இறக்குமதித் துணி நாட்டின் கைத்தறியை நலிவித்தபோது மருதமுனைத் தறிகளும் அதற்குத் தப்பவில்லை. எழுபதுகளின் இறுதி தொட்டு ஆண்களும் பெண்களும் வளைகுடா நாடுகளுக்குச் செல்லத் தொடங்கினர். உப்பும் மீனும் நெல்லும் மாறிய கரையில் இப்போது உழைப்பாளரின் ஆண்டுகளே மாற்றுப் பண்டமாயின. இரண்டாண்டு ஒப்பந்தம் என்பதும் ஒரு தவணையே. முகவருக்குக் கொடுத்த கடன் அங்கும் முன்னே நிற்கின்றது.

8

இறுதியாக, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். 1985 ஏப்ரலில் காரைதீவைச் சூழ்ந்து நிகழ்ந்த மோதல்களும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் வீரமுனையிலும் நிகழ்ந்த படுகொலைகளும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலை அறுத்தன. அதனால் பண்டமாற்றுக் காலம் ஓர் இழந்த பொற்காலமாக நினைவில் நிற்பது இயல்பே. அந்த இழப்பு மெய்யானது. அதனை ஏளனம் செய்தல் தகாது. ஒருவரின்றி ஒருவர் உண்ண முடியாதிருந்த நிலை, வன்முறைக்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஒருவரையொருவர் சார்ந்திருத்தல் வேறு, ஈடாயிருத்தல் வேறு. மேலே கண்டவாறு அம்மாற்றினுள்ளே காத்திருக்கக் கூடியவருக்கும் காத்திருக்க இயலாதவருக்கும் இடையே ஒரு கோடு ஓடிற்று. அக்கோடு தமிழூருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையே ஓடவில்லை; இரண்டு ஊர்களுக்குள்ளும் ஓடிற்று. தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் போடியாரும் அக்கோட்டின் ஒரு பக்கத்திலும், இரு ஊர்களின் வயற்காரரும் வலையிழுப்போரும் மறுபக்கத்திலும் நின்றனர். இனங்களின் பெயராற் கணக்குத் தீர்க்கப்பட்டபோது மறைக்கப்பட்டது இந்தக் கணக்கே. பொற்காலக் கதையும் அதனையே மறைக்கின்றது. ஆதலால், கதை எத்துணை நல்லெண்ணத்தோடு கூறப்படினும், அது நல்லிணக்கத்துக்கு உறுதியான அடித்தளமாகாது.

இக்கோடு இன்றும் அழியவில்லை. உலர்த்தவும் சேமிக்கவும் இடமற்ற சிறு விவசாயி ஈரநெல்லை வயலோரத்திலேயே ஆலைக்காரர் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறான். பனிக்கட்டிக்கும் குளிரறைக்கும் வழியற்ற மீனவன் விடியற்காலையிலேயே முதலாளி சொல்லும் விலைக்குக் கொடுக்கிறான். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நெல் சந்தைப்படுத்தும் சபையின் அடிப்படை நோக்கை இங்ஙனம் சுருக்கலாம்: உழவனுக்குக் காத்திருக்கும் வலுவைத் தருதல். கூட்டுறவுக் களஞ்சியமும் குளிரறையும், ஊர்ப் பெயர் பாராது இருசாராருக்கும் பொதுவாக அமையுமாயின், அவை கருவாடு ஒருகாலத்தில் மீனவனுக்குச் செய்ததை அனைவருக்கும் செய்யும்.

இளம் ஆய்வாளர்கள் இவ்வூர்களின் பழைய கடைக் கணக்கேடுகளையும் களத்துச் சொற்களையும் தொகுத்தல் உடனடித் தேவையாகும். 2004 டிசெம்பர் 26இல் வந்த கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைப் பலி கொண்டது. வீடுகளோடு ஏடுகளும் அழிந்தன. எஞ்சியுள்ள முதியோரின் நாவில் மாற்றும் கைமாற்றும் ஏமாற்றும் இன்னும் வேறுவேறாகவே வழங்குகின்றன. அவ்வேறுபாடுகளை நாம் பதிவு செய்யாவிடின், எல்லாவற்றுக்கும் 'எக்ஸ்சேஞ்ச்' என்னும் ஒரு சொல்லே போதுமென்று நம்பும் காலமும் வரலாம். அது ஏமாற்றப்பட்டவனுக்கு முறையிடும் சொல்லும் இல்லாத காலமாயிருக்கும்.